வீட்டுக் கொல்லையில் மெட்டல் டிடெக்டர்: புதிதாகத் தொடங்குபவருக்கு முழு வழிகாட்டி

கடலூர் வண்டிப்பாளையத்தில் எங்கள் வீடு. ஓடு போட்ட பழைய வீடு. முன்னால் திண்ணை, பின்னால் கிணறும் தென்னையும் வாழையுமாக ஒரு கொல்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்துவிட்டுப் போன பிறகு, விழுந்த மரத்தை வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்த நாட்களில், அத்தையின் காதிலிருந்து ஒரு தோடு கிணற்றடியில் விழுந்துவிட்டது. அன்று மண்ணை முறத்தில் அள்ளிப் புடைத்தெல்லாம் பார்த்தோம். கிடைக்கவில்லை. மற்றத் தோட்டை அத்தை இன்றுவரை மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் வைத்திருக்கிறார்.

போன மார்கழியில் நான் மெட்டல் டிடெக்டர் வாங்கியது அந்தத் தோட்டுக்காகத்தான். வாங்கிய அன்றே கிணற்றடியில் போய் நின்று ஆட்டிப் பார்த்தேன். கருவி நிற்காமல் கத்தியது. எது தங்கம், எது ஆணி, எது வெறும் மண் என்று ஒன்றுமே விளங்கவில்லை. அதற்குப் பிறகு முதலிலிருந்து முறையாகக் கற்றுக்கொண்டேன். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

கருவி எப்படி வேலை செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கீழே இருக்கும் வட்டமான தட்டுக்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருள் நொடிக்குச் சில ஆயிரம் முறை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது ஓர் உலோகத்தின் மேல் பட்டால் அந்த உலோகத்துக்குள் சிறு மின்சுழல்கள் உண்டாகும். அந்தச் சுழல்கள் தங்கள் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அதை இன்னொரு சுருள் வாங்கிக்கொள்கிறது. திரும்பி வருவது எவ்வளவு பலமாக இருக்கிறது, எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைப் பார்த்துத்தான் கருவி ஒலியையும் எண்ணையும் காட்டுகிறது.

அதாவது, "தங்கம்" என்று ஒரு தனி அடையாளம் கருவிக்குத் தெரியாது. பொருளின் கடத்துத்திறன், பருமன், வடிவம் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. 0 முதல் 99 வரை காட்டும் கருவிகளில் ஆணி, கம்பி போன்றவை அடியில் வரும். செம்பும் வெள்ளியும் உச்சியில் வரும். சின்னத் தங்க நகையும் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும். இந்தக் கடைசி வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். தங்கம் தேடுகிறவர் மாத்திரை அட்டையையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

எதை வாங்குவது

நிலத்தின் தன்மைக்கேற்பச் சரிசெய்யும் வசதி, எண் காட்டும் திரை, காதில் மாட்டிக் கேட்கும் வசதி, இந்த மூன்றும் உள்ள தொடக்கநிலைக் கருவி போதும். காரெட், மைன்லேப், நோக்டா போன்றவர்கள் இந்த வகையில் செய்கிறார்கள். குழந்தைகளுக்கான விளையாட்டுக் கருவி வேண்டாம். கூடவே, கைக்கு அடக்கமான பின்பாயின்டர் ஒன்று இருந்தால் குழிக்குள் விட்டுப் பொருள் எந்தப் பக்கம் என்று பார்க்கலாம். இல்லையென்றால், வாசலில் காவலர்கள் ஆள் மேல் வைத்துப் பார்க்கும் கைத்தடி டிடெக்டர் இருக்கிறதே, அதுவே ஓரளவு உதவும்.

கைபேசியில் "தங்கம் கண்டுபிடிக்கும் செயலி" என்று வருவதை நம்ப வேண்டாம். கைபேசியில் இருப்பது திசைகாட்டிக்கான காந்த உணரி. அது இரும்பைக் காட்டும். தங்கம், வெள்ளி, செம்பு, அலுமினியம் எதுவும் அதற்குத் தெரியாது. இரிடியம் கலசம், மை போட்டுப் பார்ப்பது, நூறு அடிக்கு அப்பால் இருந்தே புதையலைக் காட்டும் கம்பி என்று யாராவது வந்தால் அவர்களிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் பயன்படுத்தும் சாதாரணக் கருவி, காசு அளவுள்ள பொருளைச் சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை பார்க்கும். சின்னத் தோடு, மூக்குத்தி என்றால் அதைவிடக் குறைவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

சொந்தக் கொல்லைதானே என்று இதைத் தாண்டிப் போக வேண்டாம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. போன வருடம் நீங்களே தொலைத்த மோதிரம் வேறு விஷயம். பானையோ, முடிச்சாகப் பழைய காசுகளோ வந்தால் அப்படியே நிறுத்திவிட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். 100 ஆண்டு கடந்த காசுகளும் சிலைகளும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

இரண்டாவது, கருவியைத் தூக்கிக்கொண்டு பழைய இடங்களுக்குப் போகாதீர்கள். நம் பக்கத்தில் அந்த ஆசை எளிதாக வரும். தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்கள் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்களில் அது இன்றும் நிற்கிறது. புதுச்சேரிப் பக்கம் போனால் அரிக்கமேடு. அங்கே 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, காலம் ஏற்கெனவே தெரிந்த, இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்டத் துண்டுகள் எந்த மண்ணடுக்கில் கிடக்கின்றன என்று பார்த்துத்தான், அதே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானை ஓடுகளுக்குக் காலம் சொல்ல முடிந்தது. ஒரு காசை அடுக்கிலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டால் அது வெறும் காசு. அதோடு கிடந்த எல்லாவற்றின் காலமும் சேர்ந்து போய்விடும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. உங்கள் வீடே அப்படியோர் இடத்தை ஒட்டி இருந்தால் கருவியை உள்ளேயே வைத்துவிடுங்கள்.

முதலில் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்

எல்லாரும் விட்டுவிடுகிற வேலை இதுதான். நானும் விட்டேன். கருவியை எடுப்பதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கொல்லை இருபது, முப்பது வருடத்துக்கு முன் எப்படி இருந்தது என்று கேட்டு ஒரு படம் வரையுங்கள். மாட்டுக் கொட்டகை எங்கே இருந்தது, எருக்குழி எங்கே, துணி காயப்போட்ட கொடி எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்கு, பிள்ளைகள் ஊஞ்சல் கட்டியது எந்தக் கிளையில், பழைய வழி எது.

பொருள் விழுகிற இடம் ஆட்கள் குனிந்த இடம், உதறிய இடம், முடிச்சை அவிழ்த்த இடம். திண்ணைக்குக் கீழே தேடுங்கள். வெற்றிலைப் பாக்குக்குச் சுருக்குப் பையைத் திறந்ததும், கீரைக்காரிக்குக் கொடுக்க முந்தானை முடிச்சை அவிழ்த்ததும் அங்கேதான். கிணற்றடியில் சோப்பு நுரையோடு மோதிரம் வழுகிப் போகும். கொடிக்குக் கீழே, சட்டைப் பையில் மறந்திருந்த சில்லறை உதறும்போது விழும். வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருப்பார்கள். மெட்டி கழன்றால் பெரும்பாலும் வாசல் பெருக்கும் பாதையில் இருக்கும். பெருக்குமாறு அதைத் தள்ளிக்கொண்டே போய்க் குப்பை ஒதுக்கிய மூலையில் சேர்த்திருக்கும்.

இன்னொரு கேள்வியும் கட்டாயம் கேளுங்கள். அதன் பிறகு அந்த மண் எங்கே போனது? சாக்கடை வெட்டினார்களா, குழாய் பதித்தார்களா, மேடாக்கினார்களா, செப்டிக் டேங்குக்குத் தோண்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள்? தோட்டைத் தேடி ஒரு மாதம் கிணற்றடியைச் சுற்றியே வந்தேன். இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் அந்த மாதம் மிஞ்சியிருக்கும்.

பெரியவர்களிடம் பேசும்போதே மண்ணுக்கடியில் எங்கே மின்கம்பி, தண்ணீர்க் குழாய், செப்டிக் டேங்க் மூடி என்றும் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தோண்டக் கூடாது.

சோதனைப் பாத்தி

மூன்றடி அகலத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஏற்கெனவே எந்த உலோகமும் இல்லை என்று கருவியால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் தெரிந்த பொருட்களை ஒரு முழம் இடைவெளி விட்டுப் புதையுங்கள். நான் புதைத்தவை: மூன்றங்குல ஆணி, கட்டுக்கம்பித் துண்டு, மாத்திரை அட்டை, சோடா மூடி, அலுமினியப் பத்துப் பைசா, ஒரு ரூபாய், பித்தளை நட்டு, வெள்ளி மெட்டி. மெட்டியை நைலான் நூலில் கட்டி, நூல் நுனியை மேலே விட்டிருந்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பக்கத்தில் குச்சி நட்டுப் பெயரும் ஆழமும் எழுதிவையுங்கள்.

ஒவ்வொன்றின் மேலும் கருவியை ஓட்டி, ஒலியையும் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். குறுக்கே ஒரு முறை, தொண்ணூறு பாகை திரும்பி நின்று ஒரு முறை. ஆணி ஒரு பக்கத்திலிருந்து ஒரு மாதிரியும் மறு பக்கத்திலிருந்து வேறு மாதிரியும் ஒலிக்கும். அலுமினியக் காசு எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே ஒலி. சோடா மூடி வெறும் இரும்புத் தகடுதான் என்றாலும் சில சமயம் வெள்ளிக்குப் பக்கத்து எண்ணைக்கூடக் காட்டும். ஆனால் எண் நிலைத்து நிற்காமல் தாவும். ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் இந்தப் பாத்தியில் நின்றேன். எனக்குக் காது பழகியது இங்கேதான்.

கருவியை மண்ணுக்குப் பழக்குவது

கடற்கரைப் பக்கம் மணல், கேப்பர் மலைப் பக்கம் செம்மண். எங்கள் கொல்லையில் இரும்புச் சத்து மிகுந்த சிவப்புச் சரளைக் கல் நிறையக் கிடக்கிறது. முதல் நாள் கருவி கத்தியதற்குப் பாதிக் காரணம் அந்தக் கற்கள்தான். நிலச் சமன் பொத்தானை அழுத்திக்கொண்டு, உலோகம் இல்லாத இடத்தில் தட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஒலி அடங்கும். மண்ணின் நிறம் மாறும் இடத்தில் மறுபடி செய்யுங்கள்.

உணர்திறனை உச்சியில் வைக்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, கருவி அமைதியாக இருக்கும் வரை குறையுங்கள். வீட்டின் இன்வெர்ட்டர், மோட்டார், மேலே போகும் மின்கம்பி, சட்டைப் பையில் இருக்கும் கைபேசி எல்லாம் இடையூறு செய்யும். கைபேசியைத் திண்ணையில் வைத்துவிட்டு வாருங்கள். மோதிரமும் கைக்கடிகாரமும் போட்ட கையால் குழி மண்ணைப் பின்பாயின்டரில் காட்டினால் அது உங்கள் மோதிரத்துக்கே ஒலிக்கும்.

உப்பங்கழியை ஒட்டிய வீடுகளில் ஒரு தொல்லை உண்டு. உப்பு மண் ஈரமானால் மின்சாரத்தைக் கடத்தும். கருவி அதையே உலோகம் என்று நினைத்துக்கொள்ளும். அங்கே கொஞ்சம் காய்ந்த பிறகு தேடுங்கள். மற்ற இடங்களில் வடகிழக்குப் பருவமழை முடிந்த தை, மாசிதான் நல்ல காலம். மண் நெகிழ்ந்து இருக்கும், தோண்டக் கை வலிக்காது. சித்திரையில் செம்மண் பாறைபோல இறுகிவிடும்.

வரிசை பிடித்துத் தேடுவது

கயிறு கட்டி ஒரு மீட்டர் அகலத்தில் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தட்டு தரையைத் தொட்டும் தொடாமலும், தரைக்கு இணையாகப் போக வேண்டும். இரு பக்கமும் கை வீசும்போது நுனியில் மேலே தூக்குவது எல்லாருக்கும் வரும் பழக்கம். அங்கேதான் பொருள் தவறிப்போகும். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக இரண்டு மூன்று நொடி ஆகட்டும். அடுத்த வீச்சு முந்தையதன் பாதியை மறைத்துப் போகட்டும். ஒரு பாத்தி முடிந்தால் குறுக்கு வாட்டில் இன்னொரு முறை.

ஒலி வந்ததும் நெடுக்காகவும் குறுக்காகவும் ஓட்டி, இரண்டு கோடும் வெட்டும் புள்ளியில் ஒரு குச்சியைக் குத்துங்கள். இரும்பை ஒதுக்கிவிடும் அமைப்பை முதல் மாதம் பயன்படுத்தாதீர்கள். எதை ஒதுக்குகிறோம் என்று தெரியாமல் ஒதுக்கக் கூடாது. தோண்டி, பார்த்து, எழுதுங்கள்.

தோண்டுவது

களைக்கொத்தும் ஒரு சின்னக் கரண்டியும் போதும். மண்வெட்டி வேண்டாம். அது காசின் முகத்தை வெட்டிவிடும். குச்சிக்கு நான்கு விரல் தள்ளிக் கொத்துங்கள். மண்ணைப் பழைய சாக்கின் மேல் போடுங்கள். மறுபடி குழிக்குள் பாருங்கள். ஒலி குழியில் இல்லையென்றால் சாக்கில் இருக்கிறது. மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒலிக்கும் பாதியை மறுபடி பிரித்து, கடைசியில் ஒரு கைப்பிடி மண்ணுக்குள் கொண்டு வந்துவிடலாம். தென்னை, வாழை வேரை வெட்டாதீர்கள். முடிந்ததும் மண்ணைத் தள்ளி மிதித்து, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆணியும் தகரமும் கண்ணாடியும் இல்லாத கொல்லை கிடையாது. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஓட்டுக் குவியல், மட்டைக் குவியலுக்குள் கையை விடாதீர்கள், பாம்பு இருக்கும். குண்டு, வெடி போலத் தெரிகிற எதுவும் வந்தால் தொடாமல் விலகி 112-க்கு அழையுங்கள்.

என்ன வரும்

முக்கால்வாசி இரும்பு. எங்கள் கொல்லையில் முதல் இடம் கட்டுக்கம்பிக்கு. சென்ட்ரிங் வேலை நடந்த எந்த வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அடுத்தது, தானே புயலில் பறந்த தகரக் கூரையின் ஆணிகளும் கிழிந்த துண்டுகளும். அப்புறம் சைக்கிள் போக்ஸ் கம்பி, மாட்டு லாடம், துருப்பிடித்த பூட்டு, மாத்திரை அட்டை.

காசுகளில் ஒரு விஷயம் கவனியுங்கள். பழைய ஐந்து, பத்துப் பைசாக்கள் அலுமினியம். அவை தெளிவாக ஒலிக்கும். 1988 முதல் வந்த 25 பைசாவும் 1992 முதல் வந்த ஒரு ரூபாயும் எஃகு. கருவி அவற்றை இரும்பு என்றே சொல்லலாம், அல்லது எண்ணை மாற்றி மாற்றிக் காட்டலாம். வெளிநாட்டுக் காசை வைத்து எழுதிய கையேட்டில் இது இருக்காது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் சோதனைப் பாத்தியில் ஒரு ரூபாயைப் புதைக்கச் சொன்னேன்.

திண்ணைக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் எனக்கு ஓர் ஓட்டைக் காலணா கிடைத்தது. 1943 முதல் 1947 வரை அடித்த வெண்கலக் காசு. அத்தையிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைத்தான்டா அரைஞாண் கயித்துல கோத்து உங்கப்பாவுக்குக் கட்டியிருந்தாங்க" என்றார். அதே காசா என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் அன்று ஒரு மணி நேரம் அத்தை அந்தத் திண்ணையைப் பற்றியே பேசினார். அதையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த செப்பு டூடூ காசு கிடைக்க வாய்ப்புண்டு. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறு பக்கம் தமிழில் புதுச்சேரி என்று எழுத்து. கிடைத்தால், மேலே சட்டத்தைப் பற்றி எழுதியதை மறுபடி படியுங்கள்.

கழுவுவது

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பலும் வேண்டாம், வெள்ளி என்றால் விபூதியும் வேண்டாம். பழைய செம்புக் காசின் மேல் படிந்திருக்கும் பச்சை, பழுப்பு நிறப் படலம்தான் எழுத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. தேய்த்தால் காசு பளபளக்கும், எழுத்து போய்விடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மண் இளகியதும் விரலால் தள்ளி, நிழலில் உலர்த்துங்கள். இன்ன பாத்தி, இன்ன ஆழம் என்று எழுதிய காகிதத்தோடு உறையில் போட்டு வையுங்கள்.

மறுபடி கிணற்றடி

கிணற்றடியைச் சுற்றி இப்போது சிமென்ட் தளம். உள்ளே கம்பி இருப்பதால் கருவி அதன் மேல் ஒரே ஓலம்தான் போடும். ஓரங்களில் மட்டும் தேடி முடித்தேன். ஆணியும் மாத்திரை அட்டையும் வந்தன. ஒரு நாள் சாயங்காலம் அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நின்று பார்த்தார்.

"அங்க என்னடா தேடுற? தளம் போடுறப்ப அந்த மண்ணையெல்லாம் கொத்தனார் அள்ளி வாழைக்குத்தானே போட்டார்."

மறுநாள் வாழைப் பாத்தியில் கயிறு கட்டினேன். மூன்றாவது வரிசையில், நோட்டில் மாத்திரை அட்டைக்கு எழுதியிருந்த அதே எண். நிலைத்து நின்றது, இரண்டு வாட்டிலும் ஒரே ஒலி. இரண்டு விரல் ஆழம். கைப்பிடி மண்ணைக் கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் போட்டு ஆட்டியபோது தோட்டின் திருகாணி வந்தது. அத்தை அதைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் பீரோவைத் திறந்து மஞ்சள் துணியை அவிழ்த்து, மற்றத் தோட்டின் திருகாணியோடு வைத்துப் பார்த்தார். ஜோடிதான்.

தோடு இன்னும் வரவில்லை. ஆனால் எந்த மண்ணில் இருக்கிறது என்று இப்போது தெரியும். வாழைப் பாத்தியில் இன்னும் நான்கு வரிசை பாக்கி. நடுவில் இருக்கும் வாழை குலை தள்ளியிருக்கிறது. தார் வெட்டும் வரை அதன் வேர்ப் பக்கம் போக வேண்டாம் என்று அத்தை சொல்லியிருக்கிறார்.